அத்தை எடைக்கு ஒரு மூட்டை

மாமா கிளம்பிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. விடியும்போது தூறிவிட்டு நின்றிருந்தது. ஒர்க்‌ஷாப் வாசலில் வெண்ணெய் நிறத்தில் ஒரு பழைய கார். அந்தக் காரைவிட வயதில் இளையவரான அதன் முதலாளி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். துறைமுகம் வரை காரில் போய், அங்கிருந்து காரும் மாமாவும் ஒரே கப்பலில் போவதாக ஏற்பாடு. அந்த முதலாளியிடம் இதைப் போல ஒரு கொட்டகை நிறையப் பழைய கார்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது.

மாமா முன்சீட்டில் ஏறினார். பின்சீட்டில் அவருடைய டூல் பெட்டி ஏறியது. கண்ணாடியை இறக்கி, அத்தையைப் பார்த்துச் சொன்னார்:

"போய் வீட்டைச் சரி பண்ணிட்டு உன்னைக் கூட்டிக்கிறேன். ரெண்டு பேருக்கு இடம் இருக்குன்னு முதலாளியே சொல்லிட்டாரு."

அத்தை தலையை ஆட்டினாள். கார் நகர்ந்தது. தெருமுனையில் சாக்கடைக்கு மேலே போட்டிருந்த இரும்புத் தகட்டில் ஏறி இறங்கித் திரும்பியது. அத்தை அழப்போகிறாள் என்று என் அம்மா கைக்குட்டையோடு தயாராக நின்றிருந்தாள்.

"பெட்டியை இடது ஓரமா வெச்சிருக்காரு பாரு," என்றாள் அத்தை. "பின்னாடி இடது ரெண்டு தடவை ஆடுது. நடுவுல வெச்சா என்னவாம்?"

என் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "புருஷன் கண்காணாத தேசத்துக்குப் போறான். நீ ஷாக் அப்சார்பரைப் பாத்துட்டு நிக்கிற."

"பின்ன அவர் மூஞ்சியையா பாக்கச் சொல்ற? அது எனக்குத் தெரிஞ்ச மூஞ்சிதானே அண்ணே."

அத்தை அப்பாவுக்குத் தங்கை. கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு ஒரு தொழில் இருந்தது: கார்களுக்கு சீட் தைப்பது. தோல், ரெக்ஸின், கம்பளித்துணி எதுவானாலும் தைப்பாள். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுவாள். பேச்சும் அப்படித்தான் இருக்கும். மாமாவின் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பழைய காரின் பின்சீட்டைத் தைத்துக்கொடுக்கப் போனவள், சீட் உள்வாங்குகிறதா என்று பார்ப்பதற்காக மாமா ஓட்ட, பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்று போனாள். திரும்பி வந்து இறங்கினாள்.

"என் சீட்டுல ஒண்ணும் இல்ல. உங்க வண்டிதான் நொண்டுது. முன்னாடி வலது."

மாமா சிரித்தார். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தார். முன்னால் வலதுபக்க ஷாக்கில் ஆயில் வற்றியிருந்தது. அந்த வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. இரண்டு குடும்பத்திலும் அதைக் காதல் என்றார்கள். எனக்கென்னவோ மாமா ஒரு நல்ல கருவியைக் கடையில் பார்த்துவிட்டு, அடுத்தவன் வாங்குவதற்குள் வாங்கிக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சக்கரம் பள்ளத்தில் விழும்போது அடியைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங்குக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு முறை அசைத்துவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. மாமாவிடம் வந்த பழைய கார்கள் பலவற்றில் அது இன்றைக்கு இருக்கிற மாதிரி நீளக் குழாயாக இருக்காது. ஆயில் நிரப்பிய ஒரு இரும்புக் குடுக்கை. அதிலிருந்து ஒரு கை நீண்டு சக்கரத்தின் அச்சைப் பிடித்திருக்கும். குடுக்கையில் ஒரு திருகு. இறுக்கினால் வண்டி விறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். தளர்த்தினால் தொட்டிலாகிவிடும், வளைவில் கவிழ்த்துவிடுமோ என்று பயம் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதில்தான் மாமாவுக்குப் பெயர். அவரை எல்லாரும் "மாஸ்டர்" என்றார்கள். அத்தையை யாரும் எதுவும் சொல்லவில்லை. கிண்டலுக்கு "பின்சீட்டு" என்பார்கள். "மாஸ்டர், பின்சீட்டு வீட்ல இருக்கா?"

மட்கார்டை இரண்டு கையாலும் அமுக்கி விட்டால், வண்டி ஒரு தடவை எழுந்து அடங்க வேண்டும். ஆடினால் ஷாக் போய்விட்டது. இது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஆனால் நிற்கிற வண்டி பாதிப் பொய் சொல்லும். ஓடும்போதுதான் வாயைத் திறக்கும். அதற்கு இவர்கள் ஒரு இடம் வைத்திருந்தார்கள். சிமென்ட் குடோனுக்குப் பின்னால் ரயில் ஓடாத பழைய பாதை சாலையைச் சாய்வாக வெட்டிச் சென்றது. ஒரு தண்டவாளத்தை யாரோ பிடுங்கிப் போய்விட்டார்கள். மற்றது மட்டும் தாரில் புதைந்து, விளிம்பு காட்டிக்கொண்டு கிடந்தது. சாய்வாகக் கிடந்ததால் நாலு சக்கரமும் சேர்ந்து ஏறாமல் ஒவ்வொன்றாகத்தான் ஏறும். தட், தட், தட், தட். மாமா ஓட்டுவார். அத்தை பின்சீட்டின் நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் இரண்டையும் தரையில் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"எந்த மூலை?" என்று மாமா கேட்பார்.

"பின்னாடி இடது. சீக்கிரம் திரும்பி வருது. திருகைக் கால் திருப்பு இறுக்குங்க. வலதையும் அதே அளவு. ஒரு பக்கம் மட்டும் இறுக்கி வெச்சிராதீங்க, அப்புறம் வண்டி குடிகாரன் மாதிரி போகும்."

சின்ன வயதில் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். எனக்கு எல்லாம் ஒரே தட்தான். "உனக்குக் காதுல பஞ்சு," என்பாள். "காத்தாடிக்குத் தரையில நடக்குறது எப்படித் தெரியும்?" ஓரிடத்தில் தங்க மாட்டேன் என்பதால் என்னை அவள் காத்தாடி என்றுதான் கூப்பிடுவாள்.

வண்டி திரும்பி வந்ததும், காத்திருக்கிற சொந்தக்காரரிடம் மாமா போய், கையைத் துணியில் துடைத்தபடி, "பின்னாடி இடது சார். கால் திருப்பு," என்பார். அத்தை அதற்குள் உள்ளே போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை ஒருவர் மாமாவிடமே கேட்டுவிட்டார்: "டெஸ்ட்டுக்குப் போகும்போது அம்மா எதுக்கு பின்னாடி?"

"மணல் மூட்டைக்குப் பதிலா சார். பின்னாடி எடை இருந்தாதானே தெரியும்? மூட்டை தூக்கினா எனக்கு இடுப்பு பிடிச்சுக்குது. இது தானே ஏறி உக்காந்துக்கும், தானே இறங்கிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து அத்தை சிரித்த சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

ஆனால் அத்தை ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. மாமாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த பட்டை ஸ்பிரிங்கின் முனைகளில் புஷ் என்கிற ரப்பர் வளையம் இருக்கும். அதன் நடுவே ஒரு போல்ட் போகும். அந்த போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முடுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் உட்கார்ந்த எடையோடு நிற்கவிட்டுத்தான் கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் தொங்குகிற நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நாள் முனகும், பிறகு கிழியும். மாமாவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் இறக்கிய வண்டிக்கு அடியில் நுழைய அவர் தொப்பை இடம் தராது. அதனால் யாரும் பார்க்காதபோது, வண்டி அந்தரத்தில் இருக்கும்போதே முடுக்கிவிட்டு, "ஆச்சு!" என்று எழுந்துவிடுவார். அத்தை தண்டவாளத்தில் அந்த முனகலைக் கேட்டுக் கண்டுபிடித்துவிடுவாள். திரும்பவும் எல்லாவற்றையும் தளர்த்த வைப்பாள். தானே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இப்ப முடுக்குங்க," என்பாள். மாமா அடியில் படுத்து மூச்சுவாங்கிக்கொண்டு முடுக்குவார்.

அப்படி ஒரு நாள், வாசலில் நாலைந்து பேர் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது, பின்சீட்டில் இருந்தபடியே அத்தை சொன்னாள்: "இவருக்கு எல்லாத்தையும் அந்தரத்துல முடுக்கித்தான் பழக்கம். எங்க கல்யாணத்தையே அப்படித்தான் முடுக்கினாரு. இன்னிக்கு வரைக்கும் முனகுது."

தேநீர் குடித்தவர்களில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. பக்கத்துக் கடை வெல்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  வண்டிக்கு அடியில் ஸ்பேனரின் சத்தம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் ரொம்ப நாள் தெருவில் யாருக்காவது எதுவாவது சரியாகப் போகவில்லை என்றால், "அந்தரத்துல முடுக்கிட்டாங்க," என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. மூட்டைப் பேச்சுக்கு எழுந்த சிரிப்புக்கு மாமா எந்த விலையும் கொடுக்கவில்லை; இந்தச் சிரிப்புக்கு அத்தை பின்னால் விலை கொடுத்தாள்.

மாமா போனபிறகு முதலில் அடிக்கடி போன் வந்தது. வீடு சின்னது, வேறு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். பேப்பர் வேலை நடக்கிறது என்றார். முதலாளி ஊரில் இல்லை என்றார். இப்போது ரொம்பக் குளிர், குளிர் விடட்டும் என்றார். அத்தை ஒவ்வொன்றையும் அப்படியே நம்பினாள். குளிருக்கு ஒரு கோட் தைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். சீட் வேலையில் மிச்சமான கம்பளித்துணி வெளியே, கார் தரைவிரிப்புக்கு அடியில் போடும் மெத்தைத்துணி உள்ளே. போட்டுக்கொண்டு நின்றால் அவளே ஒரு சீட் மாதிரிதான் இருந்தாள். "அங்க போய் எங்கயாவது சாய்ஞ்சு உக்காந்தா, சீட்டுன்னு நெனச்சு என் மேல உக்காந்துருவாங்க," என்று சொல்லிச் சிரித்தாள். கோட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

ஒர்க்‌ஷாப்புக்கு வண்டிகள் வந்தன. "மாஸ்டர் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போயின. ஒருவர் மட்டும் போகவில்லை. அத்தை பின்னால் உட்கார, அவரே ஓட்டித் தண்டவாளத்தில் ஏற்றினார். "முன்னாடி இடது. குடுக்கையில ஆயில் கசியுது. டயரைத் தடவிப் பாருங்க, மேடும் பள்ளமுமா தேய்ஞ்சிருக்கும்," என்றாள். தடவிப் பார்த்தார், அப்படித்தான் தேய்ந்திருந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போய், வேறு ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"நீங்க சொன்னதுதாம்மா. அங்க சொன்னேன், அப்படியே சரி பண்ணிட்டாங்க. உங்களை மறக்கல பாருங்க, இந்த முன்சீட் கிழிஞ்சிருக்கு. நீங்கதான் தைக்கணும்."

அத்தை தைத்துக்கொடுத்தாள். தையல் மிக நேர்த்தியாக இருந்தது. "அந்த ஆளைக் குத்த வேண்டிய ஊசியெல்லாம் அந்த சீட்டுக்குத்தான் போச்சு," என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் வெல்டர் வந்து கேட்டார். அவருக்கு ஸ்பேனர் வேலையும் தெரியும்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க உக்காருங்க, நான் முடுக்குறேன். போர்டுல உங்க பேரையே போடலாம். பாதிப் பாதி."

"என் பேரா? பின்சீட்டுன்னா?"

"என்ன வேணாலும் போடுங்க அக்கா. இறக்கி வெச்சுத்தான் முடுக்குவேன், சத்தியமா. எனக்குத் தொப்பையும் இல்ல."

அத்தை சிரித்தாள். அன்று இரவு முழுக்க அவள் முகம் நன்றாக இருந்ததாக அம்மா சொன்னாள். ஆனால் காலையில் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "குளிர் விட்டதும் அவர் கூட்டிக்குவாரு. ஆரம்பிச்சுட்டுப் பாதியில விட்டுட்டுப் போனா உங்களுக்கு நஷ்டம் தம்பி." வெல்டர் மறுபடி இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் கதவுக்குப் பின்னால் கோட் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமாவின் போன் குறைந்தது. பிறகு கிணற்றில் போட்ட கல் மாதிரி ஆகிவிட்டது. அத்தை கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

நான் அப்போது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். கிடைத்த வேலை, கிடைத்த கட்டில். மாமா இருந்த பக்கம் போகப்போகிறேன் என்று தெரிந்ததும் அத்தை போனில் சொன்னாள்: "காத்தாடி, எப்படியும் பறக்கத்தான் போற. அந்தப் பக்கமா ஒரு சுத்து பறந்து, என்னை எப்போ கூட்டிக்கப் போறாருன்னு மட்டும் கேட்டுட்டு வா. சண்டை போடாதே. கேளு, போதும்."

ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் நீளமான தகரக் கொட்டகை. உள்ளே துணி போர்த்திய கார்கள் வரிசையாக நின்றன, ஆஸ்பத்திரி மாதிரி. மாமா நீல நிற மேலங்கியில் வந்தார். அதன் மார்புப் பையில் அவர் பெயர் தைத்திருந்தது; மட்டமான தையல். என்னைப் பார்த்து அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். ரொட்டி வெட்டிக் கொடுத்தார், தேநீர் போட்டார். ஒவ்வொரு துணியாகத் தூக்கி, பெண்பிள்ளைகளை அறிமுகம் செய்கிற அப்பா மாதிரி வண்டிகளைக் காட்டினார்.

"ஒரு ரவுண்டு போலாம் வா," என்றார். அதே வெண்ணெய் நிறக் கார். நான் பின்கதவைத் திறந்தேன். பின்சீட்டின் நடுவில், கயிறு போட்டுக் கட்டி, ஒரு மணல் மூட்டை உட்கார்ந்திருந்தது.

"நீ முன்னாடி வா," என்றார். "அது டெஸ்ட்டுக்கு. உங்க அத்தை எடைக்குச் சரியா நிரப்பினேன்." கையை நீட்டி மூட்டையைத் தட்டினார். "இதுல ஒரு சௌகரியம். எதுத்துப் பேசாது."

கொட்டகைக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையைச் சாய்வாகப் போட்டு வைத்திருந்தார். அதன்மேல் ஏற்றினார். தட், தட், தட், தட். கண்ணாடியில் மூட்டையைப் பார்த்தார். பிறகு, "சரியா இருக்கு," என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

"அத்தையை எப்போ மாமா கூட்டிக்கப் போறீங்க?"

வண்டியைத் திருப்பிக் கொட்டகைப் பக்கம் விட்டார். "வீடு சின்னதும்மா. நீ பாக்கத்தான போற."

வீட்டைப் பார்த்தேன். கொட்டகையை ஒட்டியே இருந்தது. முன்னறையில் அவருடைய கட்டில், ஒரு மேஜை. உள்ளறையின் கதவு மூடியிருந்தது. கை கழுவ இடம் தேடுகிறவளைப் போல அதைத் திறந்தேன். நல்ல அறை. பெரிய ஜன்னல், வெயில் உள்ளே வந்து தரையெல்லாம் கிடந்தது. அந்த வெயிலில் சுவரோடு சுவராகப் பட்டை ஸ்பிரிங்குகள் அடுக்கியிருந்தன. இரண்டு பேர் படுக்கிற இடத்தில் ஒரு ஆள் நடக்க மட்டும் வழி விட்டு.

மாலையில் முதலாளி வந்தார். நல்ல மனிதர். அத்தையைப் பற்றி அவராகவே கேட்டார். ரெண்டு பேருக்கு என்றுதான் இந்த வீட்டைக் கொடுத்தேன், அந்தப் பெரிய அறையை வெள்ளையடித்துக்கூட வைத்தேன், ஆனால் ஊரை விட்டு வர உங்கள் அத்தைக்கு இஷ்டமில்லையாமே, என்ன செய்வது, சிலருக்கு அப்படித்தான் என்றார். மாமா அப்போது ஒரு ஷாக்கைக் கையில் வைத்து, அதன் கையை மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

முதலாளி போனதும் கேட்டேன். சண்டை போடாதே என்று அத்தை சொல்லியிருந்ததால் குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டேன்.

"ஏன் மாமா?"

"உனக்குப் புரியாது."

"புரியிற மாதிரி சொல்லுங்க."

ஷாக்கை மேஜைமேல் வைத்தார். "அங்க எந்த வண்டி வந்தாலும் முதல்ல அவதான் சொல்லுவா. நான் ஸ்பேனரைப் பிடிச்சுட்டு நிக்கணும், எந்த மூலை, எந்த மூலைன்னு. ஊரே மாஸ்டர்னு கூப்பிடும். மாஸ்டருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். எல்லார் முன்னாடியும் அந்தரத்துல முடுக்கினான்னு சொன்னாளே, ஞாபகம் இருக்கா? இங்க நான் சரியா இருக்குன்னு சொன்னா சரியா இருக்கு. அவ்வளவுதான்."

"தப்பா இருந்தா?"

"யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அவர் அதைக் கெட்டவனைப் போலச் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவரைப் போலச் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் கசந்தது.

ஊருக்குத் திரும்பியதும் நேராக அத்தை வீட்டுக்குத்தான் போனேன். பையை இறக்கிவைக்கும் முன்பே, "என்னடி சொன்னாரு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டையைச் சொன்னேன், அறையைச் சொன்னேன், அவளுக்கு இஷ்டமில்லை என்று முதலாளியிடம் சொல்லியிருந்ததைச் சொன்னேன். அவர் சொன்ன காரணத்தையும் மறைக்கவில்லை. மறைத்தால் கண்டுபிடித்துவிடுவாள். அத்தை கையில் ஒரு நூல்கண்டு இருந்தது. நான் முடிக்கும்வரை அதைச் சுற்றவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை.

"பட்டையையெல்லாம் படுக்கப் போட்டிருந்தாரா, நிமித்தி வெச்சிருந்தாரா?" என்று கேட்டாள்.

"படுக்கப் போட்டு, ஒண்ணு மேல ஒண்ணா."

"வளைவு போயிரும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்." எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "வெயில் நல்லா வருமா அந்த ரூம்ல?"

"வரும் அத்தை."

"ம்."

மறுநாள் அவளே வெல்டரைத் தேடிப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் கடையில் புது போர்டு. அத்தையைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"முன்ன ஒண்ணு கேட்டீங்களே தம்பி. இப்ப எனக்குச் சம்மதம்."

வெல்டர் தரையைப் பார்த்தார். "அப்போ கேட்டேன்க்கா. இப்ப என் மச்சான் வந்து உக்காந்துட்டானே."

"எந்த சீட்டுல?"

"கல்லாவுல."

"அப்ப வண்டி ஒரு பக்கமா சாயுமே," என்றாள் அத்தை. இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவளுக்கு அங்கே வேலை எதுவும் இல்லாமல் போயிற்று. ஸ்டூலில் உட்காராமலே திரும்பி வந்துவிட்டோம்.

ஒர்க்‌ஷாப்பை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டார். அத்தை பஸ் கம்பெனி ஒன்றுக்கு சீட் தைக்கப் போனாள். ஒரே அளவு, ஒரே நிறம், நாள் முழுக்க. கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டை எடுத்துத் தையலைப் பிரித்தாள். வெளித்துணி பூச்சி அரித்துப் போயிருந்தது. உள்ளே இருந்த மெத்தைத்துணி நன்றாக இருந்ததால் அதை ஒரு பஸ் டிரைவருக்கு முதுகுத் திண்டாகத் தைத்துக்கொடுத்தாள். "மனுஷன் தினமும் ஊர் தாண்டிப் போறாரு. கோட்டாவது எங்கேயோ போகட்டுமே," என்றாள். பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது எப்போதும் பின்னால்தான் உட்காருவாள். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அவள் உதடு அசையும். யாரும் கேட்காததால் வெளியே ஒன்றும் வராது.

வருஷங்கள் போயின. நான் இரண்டு தடவை ஊரைவிட்டுப் போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். இப்போது அவள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறேன், வெட்டிப்போட்ட பஞ்சுத் துண்டுகளுக்கு நடுவில். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அத்தை சீட்டுக்குள் வைக்கும் ஒரு பஞ்சுப் பலகையை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் மறுமுனையைப் பிடித்திருந்தேன். அவள் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. நம்பரைப் பார்த்தேன்.

"மாமா."

கத்தரிக்கோல் நின்றது. அவ்வளவு வருஷத்துக்கு அப்புறமும் அவள் கை தானாகப் போய்க் கலைந்திருந்த முடியை ஒதுக்கியது. அதைப் பார்க்காதது போல இருந்தேன்.

"போடு," என்றாள். "கூட்டிக்கிறாரோ என்னவோ." அதைச் சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள்.

போட்டேன். மூச்சு வாங்குகிற சத்தம். தொப்பை இன்னும் குறையவில்லை.

"நான்தான். அந்த வெண்ணெய்க் கலர் வண்டி இருக்குல்ல, அதை முதலாளி விக்கிறாரு. வாங்க வந்தவங்க ஓட்டிப் பாத்துட்டு, ஏதோ இடிக்குது, முனகுதுன்றாங்க. ஷாக் மாத்திட்டேன், பட்டை மாத்திட்டேன், புஷ்கூட புதுசு போட்டுட்டேன். எனக்குப் பிடிபடல. சரியா பாக்கலேன்னா வண்டி போகாது, என்னையும் சேத்து அனுப்பிருவாங்க போலிருக்கு. போனைப் பின்சீட்டுல மூட்டை மேல வெச்சிருக்கேன். கேளு. எந்த மூலை?"

இன்ஜின் சத்தம். சரளையில் சக்கரம் உருளும் சத்தம். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டாள். கண் மூடியிருந்தது. கால் இரண்டையும் தரையில் பதித்துக்கொண்டாள். 

தட். தட். தட்.

நாலாவது தட்டின் வாலில் ரப்பர் மெல்ல முனகியது. எனக்கே கேட்டது.

"பின்னாடி வலது," என்றாள் அத்தை, அந்த அறையில், சத்தமாக. "மறுபடியும் அந்தரத்துல முடுக்கியிருக்காரு."

செய்தி இன்னும் முடியவில்லை. கார் நின்றது, கதவு திறந்தது. குரல் கிட்டே வந்தது.

"கேட்டுச்சா? சீக்கிரம் சொல்லு. அவங்க வெளிய நிக்கிறாங்க."

அவ்வளவுதான் செய்தி. அத்தை போனைத் தொடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள்.

"பஞ்சை நேராப் பிடி," என்றாள்.